‘காம்’ என்ற சொல்லுக்குள் ஒரு உச்சிவெயில்

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். சி-ஏ-எல்-எம் என்று எழுதி ‘காம்’ என்று உச்சரிக்கும் சொல் பாடத்தில் வந்தது. ‘அமைதி’ என்று பொருள் சொன்னேன். “அப்போ க்வயட், சைலன்ஸ், பீஸ் எல்லாம் என்ன டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நடுவில் இருக்கும் ‘எல்’ ஏன் ஒலிப்பதில்லை என்று இன்னொருவன் கேட்டான். இதற்கிடையில் எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. காற்றில்லாத கடலில் கலம் அசையாமல் நிற்பதால், நம் ‘கலம்’ என்ற சொல்லிலிருந்துதான் ‘காம்’ பிறந்ததாம். இதை வகுப்பில் சொல்லலாமா? சொல்லின் உண்மையான பூர்வீகம் என்ன? தேர்வில் எதிர்ச்சொல்லாக எதை எழுதச் சொல்வது?

ஓர் ஆங்கில ஆசிரியை, தென்காசி மாவட்டம்

பதில்: வணக்கம் டீச்சர். அந்த வாட்ஸ்அப் செய்தியை வகுப்பில் சொல்ல வேண்டாம். அதில் கடல் மட்டும் சரி, மற்றது தவறு. ‘காம்’ கடல் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல்தான். ஆனால் அது புறப்பட்ட இடம் வெயில். அதுவும் தலைக்கு நேர் மேலே நிற்கும் உச்சிவெயில்.

கிரேக்கத்தில் ‘கவ்மா’ என்றால் எரிக்கும் வெப்பம். எரித்தல் என்று பொருள்படும் வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல் அது. பிற்கால லத்தீன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஜெரோம் லத்தீனில் பெயர்த்த பைபிளில், யோபு 30ஆம் அதிகாரம் 30ஆம் வசனத்தில் இந்தச் சொல் இருக்கிறது. தோல் கறுத்துப்போயிற்று, எலும்புகள் வெப்பத்தால் காய்ந்துபோயின என்று யோபு புலம்பும் இடம். அந்த ‘வெப்பம்’தான் நீங்கள் இன்று ‘அமைதி’ என்று பொருள் சொல்லும் சொல்லின் பாட்டன்.

வெப்பம் எப்படி அமைதியாயிற்று? மத்தியதரைக் கடலை ஒட்டிய நாடுகளில் கோடை உச்சிவேளையில் வயலில் ஆள் நிற்க முடியாது. ஆடுமாடு நிழலுக்குப் போய்விடும், மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். ஆகவே வெயிலைக் குறித்த சொல் வெயிலுக்காக ஓய்ந்திருக்கும் வேளையைக் குறிக்கத் தொடங்கியது. வேளையிலிருந்து அந்த ஓய்ந்த நிலைக்குப் போனது. இந்த நடுப்படி யாரோ உட்கார்ந்து ஊகித்தது அல்ல, அதற்குச் சாட்சி உண்டு. பிற்கால லத்தீனில் இதே பெயரிலிருந்து ‘வெயில் வேளையில் ஓய்ந்திரு’ என்ற வினை பிறந்தது. அது பிரெஞ்சில் ‘ஷோமே’ ஆகி, வேலை செய்யாமல் இருப்பதைக் குறித்தது. அதன் பெயர்ச்சொல் ‘ஷோமாஜ்’. இன்றைய பிரெஞ்சுச் செய்தித்தாளில் வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு அதுதான் சொல். போர்த்துகீசிய அகராதியில் ‘கல்மா’வைத் தேடினால் அமைதி என்ற பொருளோடு, காற்றில்லாத கடும் வெப்பம் என்ற பழைய பொருளும் இன்னும் இருக்கிறது. பேரன் வீட்டில் பாட்டனின் படம் மாட்டியிருப்பதுபோல.

‘கவ்மா’ ‘கல்மா’ ஆனது எப்படி, நடுவில் ‘ல்’ எங்கிருந்து வந்தது என்று கூர்மையான மாணவர் கேட்கலாம். லத்தீனில் ‘சூடாக இரு’ என்பதற்கு ‘கலேரே’ என்று தனி வினை உண்டு. பொருளும் ஒன்று, ஒலியும் அருகில் என்பதால் பேச்சு வழக்கில் ஒன்றின் எழுத்து இன்னொன்றுக்குள் நுழைந்துவிட்டது என்பதே பெரும்பாலான அகராதிகள் தரும் விளக்கம். இத்தாலியன், ஸ்பானிஷ், போர்த்துகீசியம் மூன்றிலும் ‘கல்மா’. பிரெஞ்சில் ‘கல்ம்’. அங்கிருந்து 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது.

வந்தபோது அது கடலையும் காற்றையும் பற்றிய சொல். அலையடிக்காத கடல், வீசாத காற்று. மனிதரின் மனநிலைக்கு அது ஏறியது 16ஆம் நூற்றாண்டில். ஆக, ‘அவர் காமாக இருந்தார்’ என்பது முதலில் உவமை. இன்று அது உவமை என்பதே மறந்துவிட்டது. கடல் தொழிலில் மட்டும் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805இல் வகுத்து, 1838இல் பிரிட்டிஷ் கடற்படை கப்பல் பதிவேடுகளுக்குக் கட்டாயமாக்கிய காற்று அளவுகோல் 0 முதல் 12 வரை போகும். அதில் 0க்குப் பெயர் ‘காம்’. காற்றின் வேகம் ஒரு ‘நாட்’டுக்கும், அதாவது மணிக்கு ஒரு கடல் மைலுக்கும் கீழே, புகை நேராக மேலே எழும், கடல் கண்ணாடி போலக் கிடக்கும் என்பது அதன் வரையறை. விமான நிலையங்கள் வெளியிடும் வானிலைக் குறிப்பிலும் காற்றுக்கான இடத்தில் ஐந்து பூஜ்ஜியம் வரிசையாக இருந்தால் அது ‘காம்’ என்றே படிக்கப்படும். ‘பீ’ என்ற முன்னொட்டுச் சேர்ந்த ‘பீகாம்ட்’ என்ற சொல்லை மாணவர்கள் ‘அமைதியடைந்த’ என்று மொழிபெயர்த்துவிடுவார்கள். அப்படியல்ல. காற்று இல்லாததால் பாய்மரக் கப்பல் நடுக்கடலில் மாட்டிக்கொள்வது அது. குடிதண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கும் கப்பலில் எவருக்கும் அதில் நிம்மதி இருந்திருக்காது.

உங்கள் வகுப்புக்குப் பயன்படும் உறவினர்கள் சிலர். வேதியியல் பாடத்தில் வரும் காஸ்டிக் சோடாவின் ‘காஸ்டிக்’ அதே கிரேக்க வினையிலிருந்து வந்தது. தோலை எரிக்கும் பொருள் என்பதால் அந்தப் பெயர். மருத்துவத்தில் திசுவைச் சுட்டு இரத்தத்தை நிறுத்தும் ‘காட்டரி’ இன்னொன்று. ‘ஹோலோகாஸ்ட்’ என்பதற்கு மூலப்பொருள் முழுதும் எரிக்கப்பட்டது. எதிர்பாராத உறவு ‘இங்க்’. ரோமப் பேரரசர்கள் கையெழுத்திடப் பயன்படுத்திய செந்நீல மைக்கு ‘சுட்டுப் பதித்தது’ என்ற பொருளில் ஒரு கிரேக்கப் பெயர் இருந்தது. அது லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து மூன்றெழுத்து ‘இங்க்’ ஆகிவிட்டது. மாணவர் பேனாவிலிருக்கும் மையின் ஆங்கிலப் பெயரும் ‘காம்’ வீட்டுப் பிள்ளைதான். ‘ல்’ கொடுத்த ‘கலேரே’ பக்கம் பார்த்தால் கலோரி இருக்கிறது. ‘நான்ஷலான்ட்’ என்ற சொல்லும் அந்த வீடுதான். ‘சூடாகாதவர்’, அதாவது எதற்கும் கவலைப்படாதவர் என்பது அதன் அமைப்பு. இது பாராட்டாகவும் வரும், ‘அலட்சியமாக இருக்கிறார்’ என்ற குறையாகவும் வரும்.

இதே போன்ற இன்னொரு தலைகீழ் கதை ‘ஃப்ளெக்மாட்டிக்’. அசராத சுபாவம் கொண்டவரை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். அதற்குள் இருப்பது ‘ஃப்ளெம்’, சளி. பழைய ஐரோப்பிய வைத்தியத்தில் கபம் குளிர்ச்சியும் ஈரமும் உள்ளது, கபம் மிகுந்தவர் மந்தமானவர் என்பது கொள்கை. ஆனால் அதன் கிரேக்க மூலமான ‘ஃப்ளெக்மா’வின் முதற்பொருள் அழற்சி, எரிச்சல். அதுவும் எரிதல் என்ற வினையிலிருந்து வந்ததுதான். அமைதியைக் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்கள், இரண்டுக்கும் அடியில் நெருப்பு.

தமிழிலும் சூட்டுக்கும் அமைதிக்கும் உறவு உண்டு, திசைதான் வேறு. காபி ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனம் ஆறுகிறது. வெயில் தணிகிறது, தாகம் தணிகிறது, கோபம் தணிகிறது. ‘ஆறுவது சினம்’ என்பதை மாணவர்கள் சிறுவயதிலேயே படித்திருப்பார்கள். நாம் சூடு இறங்கியதை வைத்துப் பெயரிட்டோம். அவர்கள் சூடு உச்சியில் நின்று எல்லாரையும் முடக்கிப்போட்டதை வைத்துப் பெயரிட்டார்கள். வகுப்பில் இந்த ஒப்பீட்டைச் சொல்லுங்கள். தமிழ்ப் பெருமை வேண்டுமென்றால் ‘கலம்’ கதையைவிட இது உண்மையானது, சுவையும் கூட.

இனி அந்தக் ‘கலம்’. இப்படிப்பட்ட செய்திகள் மாதம் ஒன்றாவது வரும், அதனால் சோதிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து கேள்வி போதும். சொல் அந்த மொழியில் முதலில் எப்போது பதிவானது? எந்த மொழி வழியாக வந்தது? ஒவ்வொரு படியிலும் ஒலி மாறியதற்கு வேறு சொற்களிலும் எடுத்துக்காட்டு உண்டா? பொருள் மாறிய இடத்தில் இரண்டு பொருளும் சேர்ந்து வழங்கியதற்குச் சாட்சி உண்டா? அதே வேரிலிருந்து வந்த உடன்பிறப்புகள் உண்டா?

‘கலம்’ முதல் கேள்வியிலேயே தடுக்கி விழுகிறது. ஆங்கிலத்தில் ‘காம்’ 14ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல். அதற்கு முன் தமிழ்ச் சொல் ஐரோப்பாவுக்குப் போகவே முடியாது என்பதல்ல. ‘ஜிஞ்சர்’ பாலி, கிரேக்கம், லத்தீன் வழியே போன சொல், அதன் தலையில் நம் இஞ்சி இருப்பதை அகராதிகள் ஏற்கின்றன. ஆனால் அங்கே சரக்கு போனது, சரக்கோடு பெயர் போனது, ஒவ்வொரு துறைமுகத்திலும் அதன் தடம் பதிந்திருக்கிறது. ‘கலம்’ எந்த மொழியில் தங்கி ‘அமைதி’ ஆனது என்று கேட்டால் செய்தி அனுப்பியவரிடம் பதில் இருக்காது. பொருளும் இடிக்கிறது. கலம் என்றால் பாத்திரம், கப்பல், அணிகலன், ஒரு முகத்தல் அளவு. அசையாமை அந்தச் சொல்லில் எங்கும் இல்லை. ‘அசையாமல் நிற்கும்’ என்ற பகுதியைச் செய்தி எழுதியவர் தன் கையிலிருந்து சேர்த்திருக்கிறார். போலிச் சொற்பிறப்பில் தவறு பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். பொருளை இணைக்கும் வாக்கியம் மூலச் சொல்லில் இல்லாமல், விளக்குபவரின் வாயில் இருக்கும்.

உண்மையான தமிழ் இரவல் எப்படி இருக்கும் என்பதற்குக் ‘கட்டமரான்’ நல்ல மாதிரி. கட்டிய மரம், கட்டுமரம். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியரின் 1697ஆம் ஆண்டுப் பயண நூலில் அச்சேறியிருக்கிறது. ஒலி ஏறத்தாழ அப்படியே, பொருளும் அதே, கொண்டுபோனவர்கள் யார் என்பதும் தெரியும். ‘செரூட்’ சுருட்டு, ‘மல்லிகடாணி’ மிளகுத்தண்ணீர், ‘அனிகட்’ அணைக்கட்டு. இவற்றை வகுப்பில் தாராளமாகச் சொல்லலாம்.

அகராதியில் சரிபார்க்கும்போது ஒரு குறியைக் கவனியுங்கள். சொற்பிறப்புப் பகுதியில் ஒரு வடிவத்துக்கு முன் நட்சத்திரக் குறி இருந்தால் அது எங்கும் எழுத்தில் கிடைக்காத, அறிஞர்கள் கணித்து மீட்டெடுத்த வடிவம். குறி இல்லாதது ஏட்டில் கிடைத்த வடிவம். ஆங்கிலப் பக்கத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி, மெரியம் வெப்ஸ்டர் இரண்டில் ஒன்று போதும். தமிழ்ப் பக்கத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், திராவிட உறவுச் சொற்களுக்குப் பர்ரோவும் எமனோவும் தொகுத்த சொற்பிறப்பு அகராதி. இவை இரண்டும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கும். வகுப்புக்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும்.

‘எல்’ விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் முதலில் அது ஒலித்தது. 15, 16ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘ஏ’ எழுத்துக்குப் பின்னும் எம், எஃப், கே எழுத்துகளுக்கு முன்னும் நின்ற ‘எல்’ பேச்சில் கரைந்து, முன்னால் இருந்த உயிரை நீட்டிவிட்டுப் போய்விட்டது. எழுத்தில் மட்டும் தங்கியது. காம், பாம் (உள்ளங்கை), சாம் (பைபிளின் சங்கீதம்), ஹாஃப், காஃப் (கன்று), டாக் (பேசு), வாக் (நட), சாக் (சுண்ணக்கட்டி) எல்லாம் ஒரே விதி. இந்த எட்டையும் கரும்பலகையில் ஒரே பத்தியில் எழுதிப்போட்டால் விதியை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். ‘ஐ’, ‘ஈ’ எழுத்துகளுக்குப் பின் வரும் ‘எல்’ கரையவில்லை: ஃபில்ம், மில்க், செல்ஃப், ஹெல்மெட். பின்னாளில் இரவலாக வந்த ஆல்ஃபா, டால்க் போன்றவையும் விதிக்கு வெளியே நிற்கும். அமெரிக்கர்களில் கணிசமானோர் எழுத்தைப் பார்த்து ‘கால்ம்’ என்று ‘ல்’ சேர்த்தே சொல்கிறார்கள், அது அங்கே பிழையல்ல. நம் பாடத்திட்டம் பிரிட்டிஷ் உச்சரிப்பை ஒட்டியது என்பதால் ‘காம்’ என்றே பழக்குங்கள்.

நம் மாணவர்கள் வாயில் இது வேறு விதமாகவும் கெடும். சொல்லிறுதியில் ‘ல்ம்’ என்ற மெய்யிணை தமிழில் இல்லை. ஃபில்ம் ‘ஃபிலிம்’ ஆனதுபோல நடுவில் ஓர் உயிர் புகுந்து, ‘காலம்’ என்று வந்துவிடும். இன்னொன்று குறில்நெடில். ‘வா’ என்ற பொருளுள்ள ‘கம்’ குறில், இது நெடில். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லவைத்தால் இரண்டு நாளில் சரியாகும். எழுத்தில் வரும் பிழை சி-எல்-ஏ-எம். அது ‘கிளாம்’ என்ற ஒரு வகைச் சிப்பி. அதுவும் உண்மையான சொல் என்பதால் கணினியின் எழுத்துப்பிழை திருத்தி அதைப் பிடிக்காது.

மாணவி கேட்ட கேள்விதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமானது. சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை, நம் ‘அமைதி’யில் இருக்கிறது. தமிழில் அது ஓசையின்மை, சண்டையின்மை, பதற்றமின்மை மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது. ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனி வீடு கொடுத்திருக்கிறது. ஆகவே ‘அமைதி’ என்ற சொல்லைப் பார்த்ததும் மாணவர் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த அமைதி எங்கே இருக்கிறது? காதில் என்றால் க்வயட் அல்லது சைலன்ஸ். இரு தரப்புக்கு நடுவில் என்றால் பீஸ். மனதிலோ, காற்றிலோ, கடலிலோ என்றால் காம்.

பயிற்சிக்கு இந்த வாக்கியங்களைக் கொடுங்கள். நூலகத்தில் அமைதி காக்கவும்: சைலன்ஸ். இரு நாடுகளும் அமைதிப் பேச்சு நடத்தின: பீஸ். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் வரும் ‘ஆன்மா அமைதி பெறட்டும்’: அதுவும் பீஸ். பிரேக் பிடிக்காதபோதும் ஓட்டுநர் அமைதியாகப் பேருந்தை ஓரங்கட்டினார்: இங்கே ‘காம்லி’. நான்கையும் எளிதில் போட்டுவிடுவார்கள். ஐந்தாவதாக ‘அவள் அமைதியான பெண்’ என்று கொடுங்கள், வகுப்பு இரண்டாகப் பிரியும். அதிகம் பேசமாட்டாள் என்றால் க்வயட், எளிதில் பதற மாட்டாள் என்றால் காம். இரண்டும் ஒன்றல்ல. தேர்வு அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை க்வயட், ஆனால் உள்ளே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, காம் இல்லை. விமானம் குலுங்கும்போது ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே இருக்கும் விமானி காம், க்வயட் இல்லை.

இதனால்தான் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சலசலப்பை நிறுத்த ‘கீப் காம்’ என்று மைக்கில் சொல்வது தவறான இடத்தில் விழுகிறது. ஆங்கிலம் அறிந்தவர் அதைக் கேட்டால் எங்கோ தீப்பிடித்துவிட்டதோ என்று திரும்பிப் பார்ப்பார். அங்கே வேண்டியது ‘க்வயட் ப்ளீஸ்’. (எழுத்துப்பிழையில் அடிக்கடி இடம் மாறும் ‘க்வயட்’, ‘க்வைட்’ இரண்டும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவையுங்கள்.) ‘கீப் காம்’ நெருக்கடிக்கான மொழி. 1939இல் போர் மூளும் வேளையில் பிரிட்டிஷ் அரசு இந்த இரண்டு சொல்லில் தொடங்கும் சுவரொட்டியை இலட்சக்கணக்கில் அச்சிட்டது. ஒட்டாமலே பெரும்பகுதியைக் காகிதக் கூழாக்கிவிட்டது. 2000இல் ஆல்னிக் என்ற ஊரில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி கிடைத்த பிறகுதான் அது தேநீர்க் கோப்பை முதல் டி-ஷர்ட் வரை ஏறியது.

‘கீப் காம்’, ‘ஸ்டே காம்’ இரண்டும் பதற்றம் வருவதற்கு முன். ‘காம் டவுன்’ வந்த பிறகு. கடைசியில் சொன்னதைப் பயன்படுத்தும் இடத்தையும் சொல்லிக்கொடுங்கள். அழுகிற குழந்தையிடம் சொன்னால் அன்பு. மேலதிகாரியிடமோ கோபமாக இருக்கும் வாடிக்கையாளரிடமோ சொன்னால், ‘ரொம்பக் குதிக்காதீங்க’ என்று காதில் விழும். அலுவலகக் கடிதத்தில் அது வரவே கூடாது. பெயர்ச்சொல்லாக வரும்போது சூழலுக்குக் ‘காம்’, ஒருவரின் குணத்துக்கோ குரலுக்கோ ‘காம்னெஸ்’ என்பது பொது வழக்கு.

பாடநூலுக்கு வெளியே வரும் உறவுச் சொற்களில் ‘செரீன்’, ‘ட்ராங்க்வில்’ இரண்டும் இடத்துக்கும் காட்சிக்கும் உரியவை. ‘செரீன்’ லத்தீனில் மேகமில்லாத வானத்தைக் குறித்தது. அதனால் முகம், ஏரி, அதிகாலை ஆகியவற்றோடு சேரும். கட்டளையாக ‘பீ செரீன்’ என்று எவரும் சொல்வதில்லை. இந்தச் சொற்களெல்லாம் வானிலையைச் சேர்ந்தவை என்பதற்கு நிலாவே சான்று. 1651இல் இத்தாலிய வானியலாளர் ரிச்சோலி வெளியிட்ட நிலா வரைபடத்தில், அங்குள்ள கருந்திட்டுகளுக்கு மழைக்கடல், மேகக்கடல், புயல்களின் பெருங்கடல் என்று வானிலையை ஒட்டிப் பெயர்கள் வைக்கப்பட்டன. அந்த வரிசையில் வந்தவைதான் ‘செரீனிட்டி’ கடலும் ‘ட்ராங்க்விலிட்டி’ கடலும். 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 இறங்கிய இடம் இரண்டாவது. ‘ட்ராங்க்விலைசர்’ என்ற மருந்துப் பெயரும் இதன் குடும்பம். யானைக்குச் செலுத்துவதை நம் செய்தித்தாள்கள் மயக்க ஊசி என்று எழுதுவது விளைவைப் பார்த்து வைத்த பெயர். ‘ப்ளாசிட்’ என்ற சொல்லை மனிதருக்குப் பயன்படுத்தும்போது கவனம் வேண்டும், கொஞ்சம் மந்தமானவர் என்ற நிழல் அதில் விழும்.

மேல்வகுப்பில் வரும் ‘எக்வனிமிட்டி’ மட்டும் வானிலையைத் தொடாமல் நேராக மனதிலிருந்து பிறந்தது. லத்தீனில் ‘சமமான’ என்பதும் ‘மனம்’ என்பதும் சேர்ந்த கூட்டுச்சொல். ஆங்கிலத்துக்கு 1600ஐ ஒட்டி வந்தபோது நடுவுநிலைமை என்ற பொருளும் அதற்கு இருந்தது. 1889இல் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களிடம் விடைபெற்றுப் பேசிய உரைக்கு இதன் லத்தீன் வடிவத்தையே தலைப்பாக்கினார். மருத்துவருக்கு அது அடிப்படைத் தகுதி என்பது அவர் வாதம். ‘காம்’ ஒரு மணிநேரத்துக்கும் பொருந்தும். ‘எக்வனிமிட்டி’ என்றால் இலாபத்திலும் நட்டத்திலும் மாறாமல் நீடிப்பது. பௌத்த நூல்களின் ‘உபேக்கா’வை ஆங்கிலத்தில் இப்படித்தான் பெயர்க்கிறார்கள். அதே சொல் வடமொழி வழியாகத் தமிழுக்கு ‘உபேட்சை’ என்று வந்தபோது புறக்கணிப்பு என்ற பொருளே தங்கியது. சமநிலைக்கும் அலட்சியத்துக்கும் இடையில் கோடு அவ்வளவு மெல்லியது.

கடைசியாக எதிர்ச்சொல். ‘நாய்ஸி’ என்று எழுதினால் தவறு, அது க்வயட்டுக்கு எதிர். கடலைப் பற்றிய வாக்கியம் என்றால் ‘ரஃப்’, வானிலை என்றால் ‘ஸ்டார்மி’, மனிதர் என்றால் ‘அஜிட்டேட்டட்’ அல்லது ‘ஆங்ஷஸ்’. வினாத்தாளில் வாக்கியம் இல்லாமல் தனிச்சொல்லாகக் கேட்டால், ‘அஜிட்டேட்டட்’ எழுதச் சொல்லுங்கள். அது கலங்கிய மனதுக்கும் கலக்கிய தண்ணீருக்கும் ஒன்றாகப் பொருந்தும். ‘கலாமிட்டி’யை எதிர்ச்சொல்லாக எழுதும் மாணவர் இருந்தால், தொடக்க எழுத்துகள் ஒத்திருப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று பொருள். அது பேரழிவைக் குறிக்கும் வேறு லத்தீன் சொல், இந்தக் குடும்பத்தோடு அதற்கு உறவில்லை.